இலவசப் பல மருத்துவ முகாம்

கலியவரதன் மூன்றாவது தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. முதல் தடவை அவருக்கு நாக்கு சரியாகப் புரளவில்லை என்று நினைத்தேன். இரண்டாவது தடவை ஒலிபெருக்கிக்காரரைச் சந்தேகப்பட்டேன். மூன்றாவது தடவை அவர் வலது கையை உயர்த்தி, ஐந்து விரல்களையும் விரித்து, ஒரு மருத்துவம் இல்லை, இரண்டு மருத்துவம் இல்லை, பல மருத்துவம், நம் சட்டமன்ற உறுப்பினர் செந்தாமரை அவர்கள் நமக்காகக் கொண்டுவந்திருப்பது பல மருத்துவம் என்றார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், ஏனென்றால் மேடையில் இருப்பவள் தட்டாவிட்டால் ஏதோ மனத்தாங்கல் என்று சாயங்காலத்துக்குள் தொகுதி முழுக்கப் பரவிவிடும். தட்டிக்கொண்டிருந்த கைகள் பாதியில் நின்றன. பல. பலவா. நான் ஏற்பாடு செய்தது பல் மருத்துவ முகாம். பல், வாயில் இருக்கும் பல், மூன்று வாரமாக என் இடது கீழ்த்தாடையில் உட்கார்ந்துகொண்டு என்னைத் தூங்கவிடாமல் அடிக்கும் அந்தப் பல். எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரைப் பார்க்க வேண்டும். ஆனால் மேடையில் இருப்பவர் திரும்பக் கூடாது, திரும்பினால் கூட்டமே சேர்ந்து திரும்பும். பொட்டைச் சரிசெய்வதுபோலக் கைப்பேசியை உயர்த்தி, முன்பக்கக் கேமராவில் எனக்குப் பின்னால் பார்த்தேன். எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. பரவாயில்லை, புள்ளி என்பது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் புள்ளிதான். இல்லாத புள்ளி எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இல்லை. மாபெரும் இலவசப் பல மருத்துவ முகாம். பக்கத்தில் ஆளுயரப் பல் ஒன்று, கண்ணும் கையும் முளைத்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பேனர் அடித்தவர் மடலைப் பார்த்துத்தான் அடித்திருப்பார். மடலை அனுப்பியது நான். திங்கள் மடல் என்று பெயர். இரண்டரை வருடமாக ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் பதினோராயிரம் கைப்பேசிகளுக்குப் போகிறது, நானூறு பிரதி அச்சடித்து டீக்கடைகளிலும் பால் பூத்துகளிலும் ஒட்டுகிறோம். மின்தடை எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு, வாழ்நாள் சான்று கொடுக்கக் கடைசி நாள் எது, வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்கள் யாரைப் பார்க்க வேண்டும், எல்லாம் அதில் வரும். ஒரு தடவை காணாமல் போன கழுதையைப் பற்றிப் போட்டோம், மறுநாளே மூன்று கழுதைகள் என் அலுவலக வாசலில் கட்டப்பட்டிருந்தன. அந்த அளவுக்கு ஜனங்கள் மடலைப் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் உதவியாளர் பச்சையப்பன் வரைவைக் கொண்டுவந்தார். இலவச பல் மருத்துவ முகாம் என்று சரியாக, இல்லை, கிட்டத்தட்டச் சரியாக எழுதியிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். பச்சையப்பன் சார், இலவசத்துக்குப் பின்னால் ஒற்று மிகும் என்றேன். மிகட்டும் மேடம் என்றார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது, எனக்கு முன்னால் நான்கு சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்த்தவர், அவர்களில் யாருக்கும் ஒற்று மிகவில்லை. போன மாதம்தான் ஒரு மடலில் அவர் புள்ளி விட்டுவிட்டார் என்று, அலுவலகத்தில் ஆறேழு பேர் இருக்கும்போது, புள்ளி என்பது அலங்காரம் இல்லை சார், அது எழுத்தின் உயிரை எடுக்கிற வேலை என்று வகுப்பு எடுத்திருந்தேன். ஆகவே அவருக்கு வேலை வைக்காமல் நானே கைப்பேசியை வாங்கி ‘ப்’ போட்டேன். விரல் தடித்தது, தட்டியதில் பல்லுக்குப் பின்னால் ஏதோ கூடுதலாக வந்துவிட்டது, அழித்தேன். ஒரு தட்டு அதிகமாகத் தட்டிவிட்டேன் போலிருக்கிறது. இந்தக் கைப்பேசியில் அழிக்கும் விசையைத் தட்டினால் மெய்யெழுத்து முழுசாகப் போகாது, முதலில் புள்ளி மட்டும் போகும். எழுத்து அப்படியே நிற்கும், தொப்பியைக் காற்று அடித்துக்கொண்டு போனது தெரியாமல் நிற்கிற ஆள் மாதிரி. இலவசத்துக்குப் புள்ளி வைத்தவள் பல்லுக்கு எடுத்துவிட்டேன். அனுப்பும்போது பச்சையப்பன் எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். போன மாத வகுப்பு ஞாபகம் வந்திருக்கும். மூடிக்கொண்டார்.

ஒன்பது மணிக்குச் சமுதாய நலக்கூடத்துக்குள் நுழைந்தபோது முந்நூறு பேர் இருந்தார்கள். பல் முகாமுக்கு நாற்பது பேர் வந்தால் அதிசயம், பல்வலிக்காரர்கள் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு வீட்டிலேயே கிடப்பார்கள். முந்நூறு பேரைப் பார்த்ததும் எனக்குள் ஏற்பட்ட பூரிப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது. மடலின் வெற்றி என்று நினைத்தேன். விழிப்புணர்வு என்ற சொல்கூட மனதில் வந்தது. பதினேழு வருடம் பிரான்சில் லியோன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் நகரசபையில் உட்கார்ந்து மாதப் பத்திரிகை தயாரித்தேன், இலை வாருகிற தேதி, மூத்தோர் விருந்து, நூலக நேரம். அங்கேகூட இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. இப்போது கண்ணைத் திறந்து பார்க்கிறேன், எல்லாம் முன்பே கண்ணுக்கு எதிரில்தான் இருந்திருக்கிறது. மூன்றாவது வரிசையில் ஒருவர் இடுப்பு எலும்பின் எக்ஸ்ரேயை மடியில் வைத்து, வெயிலுக்கு அதையே விசிறியாக ஆக்கியிருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக, எது நல்லது என்று இப்போதே முடிவெடுக்கப் பார்க்கிறாள். ஒரு பெரியவர் ஜாம் பாட்டிலில் சிறுநீரை முன்கூட்டியே பிடித்து வந்து, யாராவது தட்டிவிடப் போகிறார்கள் என்று இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டிருக்கிறார். வாசலோரத்தில் ஆடு. எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த டாக்டர் நிரஞ்சனா, முகாமின் ஒரே டாக்டர், பல் டாக்டர், வெளியே நிற்கும் பல் மருத்துவ வண்டியோடு வந்தவர், மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

“மேடம், அந்த ஆடு எதுக்கு?”

தெரியவில்லை என்று தலையசைத்தேன். தெரியும். பல மருத்துவம் என்றால் ஆட்டுக்கும்தானே. அவர் கொஞ்ச நேரம் கழித்து ஒரு துண்டுத் தாளை நகர்த்தினார். வண்டியில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது என்று எழுதியிருந்தது. எல்லாப் புள்ளிகளும் சரியாக இருந்தன.

கலியவரதன் இப்போது கண் மருத்துவத்துக்கு வந்துவிட்டார். அவர் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், போக்குவரத்துக் கழகத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தோரு வருடம் ஊர் நேரத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு இப்போது மேடைக்கு மேடை அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார். கண் என்றால் கண், காது என்றால் காது, முட்டி என்றால் முட்டி என்கிறார். அவர் ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லச் சொல்ல, அந்தந்த உறுப்பின் சொந்தக்காரர் கூட்டத்தில் நிமிர்ந்து உட்காருகிறார். நிறுத்தச் சொல்லலாமா. வரவேற்புரையை யாரும் நிறுத்த முடியாது. மழை நிறுத்தும், மின்வாரியம் நிறுத்தும். நாக்கு தானாகப் பல்லுக்குப் போனது. தொட்டதும் காதுவரைக்கும் மின்னல். எடுத்தேன். மறுபடி போனது. இந்த நாக்கு இருக்கிறதே, எங்கே வலிக்கிறதோ அங்கேதான் போய் உட்காரும், மனசும் அப்படித்தான், புள்ளி, புள்ளி என்று அதையே தடவிக்கொண்டிருக்கிறது. சின்ன வயதில் இங்கே நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில், லிசேயில், மதாம் ஒலிவியே ஒவ்வொரு திங்கட்கிழமையும் தித்தே வைப்பார், அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுத வேண்டும். ஓர் எழுத்தின் தலையில் கோடு விட்டுப்போனால் அரை மதிப்பெண் போகும். மறுநாள் செவ்வாய்க்கிழமை தமிழையா சொல்வதெழுதுதல் வைப்பார், புள்ளி விட்டால் அரை மதிப்பெண் போகும். இரண்டு பாஷையிலும் என் பிள்ளைப்பருவம் எழுத்துகளின் தலைக்கு மேலேயே கழிந்தது. ஒன்பதாவது வயதில் என் ஊர் என்று பிரெஞ்சில் கட்டுரை எழுதினேன். பெஷேர் என்ற சொல்லின் தலையில் கூரை போட்டால் மீனவன், சாய்வாக ஒரு கோடு இழுத்தால் பாவி. நான் சாய்வாக இழுத்துவிட்டேன். எங்கள் தெருவில் எல்லோரும் பாவிகள், விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து கிளம்புவார்கள், என் மாமாவும் நல்ல பாவி, அவரிடம் சொந்தப் படகு இருக்கிறது. மதாம் ஒலிவியே வகுப்பில் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, சிரிக்காமல், அரை மதிப்பெண் மட்டும் குறைத்தார். மற்றபடி கட்டுரை உண்மையாக இருக்கிறது என்று ஓரத்தில் எழுதினார். அன்றிலிருந்து எனக்குத் தலைக்கு மேலே பார்க்கிற வியாதி. நாற்பத்தெட்டு வயதாகிறது, பெயர்ப்பலகைகளைத் தலைப்பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கு. அவ்வளவுதான் என் வித்தியாசம், சுயேச்சை, எங்கள் தொகுதியே கைக்குட்டை அகலம். எதிரில் நின்றவர் என்னைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்று, பிரான்சுக்காரி, அவளுக்குத் தமிழ் வராது. அதற்காகத்தான் மடலை நானே எழுத ஆரம்பித்தேன். அதற்காகத்தான் ஒற்றுக்கு அலைந்தேன். மடலில் வந்தால் சரியாக இருக்கும் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள் என்று பச்சையப்பன் சொன்ன அன்றைக்கு எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில். இந்த ஊர்க்காரர் யாராவது புள்ளியை விட்டால் அது கைப்பிழை. நான் விட்டால் பிரான்சுக்காரி. சரி, யோசி. பச்சையப்பன் அடித்தது என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவர் மறுக்க மாட்டார், அதுதான் கஷ்டம், சுவரோரமாகக் கைகட்டி நிற்கிறார் பார், ஆமாம் மேடம் என் தப்பு என்று சொல்ல இப்போதே தயாரான முகம். கைப்பேசியின் தப்பு எனலாம். அந்தக் காலத்தில் ஓலைச்சுவடியில் எழுதுகிறவர்கள் புள்ளியே வைக்க மாட்டார்கள், எழுத்தாணி குத்தி ஓலை கிழிந்துவிடும், படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார், நம் முன்னோர் வழியில்தான் மடலும் என்று ஒரு போடு போடலாம், மடல் என்றாலே ஓலைதானே. கைதட்டுகூடக் கிடைக்கும். அல்லது எதுவுமே சொல்லாமல் ரிப்பனை வெட்டிவிட்டு, அவசர வேலை என்று காரில் ஏறிவிடலாம், டாக்டர் நிரஞ்சனா பார்த்துக்கொள்வார், ஆட்டையும் சேர்த்து. இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு வரும்போதுதான் முதல் வரிசையின் கடைசி நாற்காலியில் அஞ்சலாட்சியைப் பார்த்தேன். பார்த்ததும் எடுத்து வைத்ததெல்லாம் சரிந்தது.

அஞ்சலாட்சி இங்கே வரக்கூடியவள் இல்லை. மணற்கேணிக்குப்பத்தில் மீன் விற்கிறவள், அறுபதைத் தாண்டியிருக்கும். வாக்குக் கேட்டுப் போனபோது என் கையிலிருந்த நோட்டீசை வாங்க மறுத்தவள் அவள் ஒருத்திதான். ஓட்டு போடறேன், பேப்பர் மட்டும் குடுக்காத என்றாள். அவள் தங்கச்சிக்குச் சர்க்கரை, காலில் புண், பெரியாஸ்பத்திரிக்குப் போனாள், ஒரு தாளை நீட்டினார்கள், கைநாட்டு வைத்தாள், முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்தது அவள் உயிரைக் காப்பாற்றத்தான் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், ஆனால் என்ன தாள் என்று யாரும் படித்துச் சொல்லவில்லை, ஆறு மாதத்தில் தங்கச்சியும் போய்விட்டாள். அதிலிருந்து அஞ்சலாட்சி தாள் எதையும் தொடுவதில்லை, ஆஸ்பத்திரி இருக்கிற தெரு வழியாகக் கூடை தூக்கிக்கொண்டு நடப்பதுகூட இல்லை, சுற்றிப் போவாள். இரண்டு மாதமாக அவளே நொண்டுகிறாள் என்று பச்சையப்பன் சொன்னார். நான் இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன், இரண்டு தடவையும் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லிவிட்டாள். இப்போது வந்திருக்கிறாள். தலை வாரி, பூ வைத்து. வலது காலில் செருப்பு, இடது காலில் செருப்பு இல்லை, பழைய சேலைக் கிழிசலைச் சுற்றி அதை வலது காலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள், பார்க்கக் கூடாதவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல. மீன் மார்க்கெட்டில் திங்கட்கிழமைதோறும் மடலைச் சத்தமாகப் படிப்பார்கள். படித்தவர் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்திருக்கிறார். பல மருத்துவம், ஆஸ்பத்திரியில் இல்லை, சமுதாய நலக்கூடத்தில், கட்டில் கிடையாது, கத்தி கிடையாது. பல் மருத்துவம் என்று சரியாக எழுதியிருந்தால் இவள் வந்திருக்க மாட்டாள். நான் சரியாக எழுதிய நூற்றிருபது மடல்களுக்கும் வராதவள் தப்பாக எழுதிய ஒன்றுக்கு வந்திருக்கிறாள். இப்போது நான் மைக்கைப் பிடித்து இது பல்லுக்கு மட்டும் என்று சொன்னால் எழுந்து போவாள், போனால் இனி வர மாட்டாள், அந்தக் கால் என்ன ஆகும். சொல்லாவிட்டால், சொல்லாவிட்டால் என்ன, அவளும் வரிசையில் நின்று, ஒரு மணி நேரம் கழித்து நாற்காலியில் ஏறி, காலை நீட்டும்போது டாக்டர் வாயைத் திற என்பார். அப்போதும் போவாள். அதுவும் ஏமாற்றிவிட்டார்கள் என்று போவாள்.

கலியவரதன் எங்கள் பாசத்திற்குரிய என்று ஆரம்பித்துவிட்டார், அப்படியென்றால் முடிக்கிறார். முடிக்காதீர்கள் ஐயா, மூக்கு பாக்கி இருக்கிறதே, தோல் இருக்கிறதே. முடித்துவிட்டார். மைக்கை என் கையில் கொடுத்தார், அது சூடாக இருந்தது. முந்நூறு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு முன்கூட்டியே தயாரித்த பேச்சு ஒன்று இருந்தது, ஆரோக்கியமான பற்கள் ஆரோக்கியமான தொகுதி என்று தொடங்கும். வணக்கம் என்றேன். புள்ளி என்றேன். பிறகு, நான் யோசித்து வைத்திருந்த எந்த வரிசையிலும் இல்லாமல், மடலில் ஒரு புள்ளி விட்டுப்போச்சு, அதை விட்டது நான், பச்சையப்பன் சார் இல்லை, இது பல மருத்துவ முகாம் இல்லை, பல் மருத்துவ முகாம் என்றேன். ஒலிபெருக்கியில் பலவும் பல்லும் ஒரே மாதிரி கேட்டது. கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை, அதுதானே, பல மருத்துவம் என்று பின்னாலிருந்து ஒருவர் உதவினார். வேறு வழியில்லாமல் மேடையில் நின்று என் உதட்டை விரலால் இழுத்து, பல்லைக் காட்டினேன். இது, என்றேன். இதுக்கு மட்டும். திரும்பி அந்த ஆளுயரப் பல்லையும் காட்டினேன். முதலில் எக்ஸ்ரேக்காரருக்குப் புரிந்தது. அவர் எக்ஸ்ரேயைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், அதில் எங்காவது பல் இருக்கிறதா என்று. ஜாம் பாட்டில் பெரியவர் பாட்டிலை மெல்ல நாற்காலிக்கு அடியில் வைத்தார். ஆட்டுக்கும் பல்லு இருக்கு என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கிருந்தோ சிரிப்பு கிளம்பி வரிசை வரிசையாக முன்னால் வந்தது. சிரிக்காமல் எழுந்தது ஓர் ஆள் மட்டும்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை ஊன்றி, அஞ்சலாட்சி வாசல் பக்கம் திரும்பினாள்.

மேடையிலிருந்து இறங்கி ஓடினேன். எம்.எல்.ஏ. ஓடக் கூடாது என்பார் பச்சையப்பன், ஓடினால் ஏதோ ஆகிவிட்டது என்று ஜனம் பின்னாலேயே ஓடிவரும். ஓடினேன். அவளுக்கு முன்னால் போய் நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள் பார்க்கிற பார்வை.

“உனக்குதான் பல்லு,” என்றாள். “கன்னம் வீங்கிக் கெடக்கு. எத்தினி நாளா?”

“மூணு வாரம்.”

“இன்னாத்துக்குக் காட்டல?”

நேரம் இல்லை என்று சொல்ல வந்தேன். நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன் அதை. “பயம்,” என்றேன்.

“ஊருக்கெல்லாம் பேப்பர் அனுப்பற. உனக்கே பயமா.” வாசலுக்கு வெளியே நின்ற வண்டியைப் பார்த்தாள். “நீ போய் ஒக்காரு. ஒன்ன இன்னா பண்றாங்கன்னு பாக்கறேன். அப்புறமா நான் ஒக்காரலாமா வேணாமான்னு பாக்கலாம்.”

வண்டிக்குள் ஏறினேன். நாற்காலி சாய்ந்தது, விளக்கு முகத்தில் விழுந்தது, எனக்கு லியோன் ஞாபகம் வந்தது, அங்கே ஒரு தடவை பல் டாக்டரின் வாசல்வரை போய், உள்ளே போகாமல், எதிரே இருந்த கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அஞ்சலாட்சி வண்டியின் படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்து நின்றாள். நல்லா தொற, சட்டசபையில தொறக்கற மாதிரி தொற என்றாள். டாக்டர் நிரஞ்சனா பார்த்துவிட்டு, எடுத்துடறது நல்லது மேடம் என்றார். பிறகு ஓர் அட்டையில் தாளைச் செருகி நீட்டினார், ஒரு கையெழுத்து வேண்டும் என்று. அஞ்சலாட்சியின் கால் படியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. நான் தாளை வாங்கினேன், கையெழுத்துப் போடவில்லை. சத்தமாகப் படித்தேன், ஒவ்வொரு வரியாக, டாக்டரின் பெயர், என் பெயர், இடது கீழ்த்தாடை, கடைவாய்ப் பல் ஒன்று.

“ஒன்னுதானா?” வெளியிலிருந்து கேட்டாள்.

“ஒன்னுதான்.”

“எல்லாப் பல்லும்னு போட்டில்லியே?”

“இல்லை.”

“மறுபடி படி.”

மறுபடி படித்தேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அதற்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். மூன்றாம் தடவை படித்த பிறகு கால் படிக்குத் திரும்பி வந்தது. கையெழுத்துப் போட்டேன். ஊசி, அதன் பிறகு பாதி முகம் என்னுடையது இல்லை, பிறகு ஓர் இழுப்பு, எலும்புக்குள் யாரோ கதவைத் திறந்த சத்தம். தட்டில் என் பல் கிடந்தது, மூன்று வாரம் என்னை ஆட்டி வைத்தது இவ்வளவு சின்னதா. அஞ்சலாட்சி எட்டிப் பார்த்தாள். ஒன்றுதான் என்று எண்ணிப் பார்த்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு, என்னை எழுந்திருக்கச் சொல்லி, அதே நாற்காலியில் அவள் ஏறி உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை. காலைத் தூக்கி விளக்குக்குக் கீழே வைத்தாள்.

டாக்டர் நிரஞ்சனா என்னைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கையுறையை மாற்றினார். துணியைப் பிரித்துப் புண்ணைப் பார்த்தார். பல் எடுப்பதற்கு முன்னால் எனக்குச் சர்க்கரை பார்த்த கருவியையே அவள் விரலிலும் வைத்தார். நானூற்றுப் பன்னிரண்டு. இருநூற்றுப் பன்னிரண்டையே பெரிய எண் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இது என் வேலை இல்லை, எனக்குத் தெரிந்தவரைக்கும் இன்னும் கறுக்கவில்லை, இன்னிக்கே பெரியாஸ்பத்திரியில் காட்டணும் என்றார் டாக்டர். அந்தப் பெயரைக் கேட்டதும் அஞ்சலாட்சி காலை இழுத்துக்கொண்டாள். பிறகு டாக்டரை விட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்.

“எழுதிக் குடு. கால எடுக்க மாட்டாங்கன்னு உன் பேப்பர்ல போடு. நீ போட்டா வர்றேன்.”

மைக்கில் என் தப்பு என்று சொன்னேனே, அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதைக் கேட்ட பிறகும் இவள் என் தாளைத்தான் கேட்கிறாள். எழுதிவிடலாம், ஒரு வரி, வந்துவிடுவாள், கால் பிழைக்கும். பிழைத்தால் சரி. பிழைக்காவிட்டால் இவள் வாழ்நாளில் வாங்கிய ஒரே தாளும் பொய். பேசிப் புரியவைக்கலாம் என்றால் என் பாதி வாய் என்னிடம் இல்லை, பஞ்சு வேறு. டாக்டரின் மருந்துச்சீட்டுப் புத்தகத்தை வாங்கினேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினேன். இன்று பன்னிரண்டு மணிக்கு அஞ்சலாட்சியின் கால் பார்க்கப்படும். நானும் கூடப் போவேன். எந்தத் தாளானாலும் மூன்று தடவை படித்துச் சொல்வேன். அவர் சரி என்று சொல்லாமல் அவர் கைநாட்டு எதிலும் விழாது. திங்கட்கிழமை மடலிலும் இதுவே வரும். செந்தாமரை. எழுதிவிட்டு எழுத்துகளின் தலைக்கு மேலே பார்த்தேன். கால் என்பதில் புள்ளி இருந்தது. இருந்தாலும் அதன் மேலேயே பேனாவை மறுபடி வைத்து அழுத்தினேன், இன்னொரு தடவை அழுத்தினேன், தாள் கிழிந்துவிட்டது. பச்சையப்பன் படியில் நின்று எல்லாவற்றையும் படித்துக் காட்டினார், கால எடுக்க மாட்டாங்க என்று மட்டும் இதில் இல்லை என்பதையும் சேர்த்து. நான் சொல்லச் சொல்லவில்லை, அவராகவே சொன்னார்.

அஞ்சலாட்சி தாளை வாங்கினாள். வாங்கினாள் என்பதை நானும் பச்சையப்பனும் ஒரே நேரத்தில் கவனித்தோம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அதை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். ஓட்டை வழியாக ஒரு பொட்டு வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்தது.

“இது இன்னா ஓட்ட?”

“புய்யி,” என்றேன்.

“போன வாட்டி வுட்டுட்டியே, அதுவா?”

தலையாட்டினேன். அவள் சுண்டுவிரல் நகத்தால் அந்த இடத்தைத் தடவினாள். பிறகு தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே கலியவரதன் மைக்கைத் திரும்பப் பிடித்துவிட்டார், பல் இருக்கிறவர்கள் எல்லோரும் வரிசையில் வரலாம் என்றார், முந்நூறு பேரில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு பல் ஆடுவது ஞாபகம் வந்து எழுந்து நின்றார்கள், ஆட்டுக்காரர் உட்பட. காரைக் கொண்டுவரச் சொன்னேன், சொன்னது யாருக்கும் புரியவில்லை, கையால் சக்கரத்தைத் திருப்பிக் காட்டினேன். அஞ்சலாட்சி நாற்காலியிலிருந்து இறங்காமல் பச்சையப்பனைக் கூப்பிட்டாள்.

“எங்கூட்டுக்கு யாரையாச்சும் அனுப்பு. வாசல்லயே கெடக்கும், எடது கால் செருப்பு. எடுத்துனு வரச் சொல்லு.”

“இந்தப் புண்ணோட எப்படிம்மா போடுவ?” என்றார் பச்சையப்பன்.

“போட்டுக்க இல்லய்யா,” என்றாள். “கையில வெச்சிக்கறேன். திரும்பி வரும்போது வேணுமில்ல.”